தென்னைக்கு உப்புப் பிடிக்குமா?

தென்னைக்கு உப்புப் பிடிக்கும் என்று என் தாத்தா சொல்வார். அவர் மட்டுமா? இராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்த பெரியவர் எவரைக் கேட்டாலும் இதையே சொல்வர். நடுகுழியில் இரண்டு கை உப்பும் ஒரு கூடைச் சாம்பலும் போட்டுக் கன்று வைப்பது அவர்கள் வழக்கம். அந்த வழக்கத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு, 1960-களின் கடைசியில் கப்பலேறி அந்தமான் வந்தவர் என் தாத்தா.

"இவ்வாண்டு இதழுக்கு நீ என்ன எழுதப் போகிறாய்? காதலா, கண்ணகியா?" என்று சங்க நண்பர்கள் கேட்டார்கள். "உப்பு மண்ணும் உர மூட்டையும்" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். தமிழ் மாணவர் இதழில் தென்னங்கன்றுக்கு இடமில்லை என்றால் வேறு எங்கே இடம் உண்டு? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலே இராசேந்திரனின் கடற்படை கொண்ட நாடுகளுள் ஒன்றாக மாநக்கவாரம் குறிக்கப்படுகிறது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்த நக்கவாரத்தில், நிக்கோபாரில், தென்னை என்ன பாடுபடுகிறது என்று மேடையில் பேசியவர் யார்?

செய்திக்கு வருகிறேன்.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது. அன்று இறந்தவர்களின் கதையை எல்லோரும் அறிவர். அதன்பின் நிலத்துக்கு என்ன ஆயிற்று என்பதைச் சிலரே அறிவர். அலை வந்தது, போயிற்று. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நிலமே இருந்த இடத்தை விட்டு இறங்கிவிட்டது. தென் அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையோ மேலே எழுந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கு கடல்நீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருள் சிலரைக் கொண்டுவந்து இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்திய கச்சால் தீவும் அன்று பேரழிவுக்கு உள்ளாயிற்று.

தலைநகரிலிருந்து வண்டூர் போகும் சாலையில் சிப்பிகாட் என்றோர் ஊர் உண்டு. (வண்டூர், மஞ்சேரி என்ற பெயர்களைக் கேட்டதும் மலையாளக் கரை நினைவுக்கு வருகிறதல்லவா? 1921-இன் மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்டவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும் உடன் கொண்டுவந்தார்கள்.) சிப்பிகாட்டில் ஒரு காலத்தில் பசிபிக் தீவுகளிலிருந்து கொணர்ந்த தென்னை வகைகளை எல்லாம் வளர்த்துக் காத்தார்கள். அதன் தாழ்ந்த பகுதி நெல்வயலாக இருந்தது. நிலம் தாழ்ந்ததும் ஓதநீர் உள்ளே வந்தது. இன்று அங்கே நீர்ப்பறவைகள் நிற்கின்றன. அவற்றைப் படம் பிடிக்கச் சுற்றுலாக்காரர் வருகின்றனர். நெல் அறுத்த குடும்பங்கள் மேட்டை நோக்கி நகர்ந்தன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல், ஓடையை ஒட்டிய ஒரு துண்டு நிலம் மட்டும் எங்களுக்கு மிஞ்சியது. 2019-இல் அந்தத் துண்டில் தாத்தா பன்னிரண்டு தென்னங்கன்றுகள் வைத்தார்.

குழியில் அவர் உப்புப் போட்டதை நான் பார்த்தேன். "தாத்தா, கடலே வந்து போன நிலத்தில் இன்னும் எதற்கு உப்பு?" என்றேன். "போடா பேராண்டி! தென்னைக்கு உப்பு வேணும். உங்க புஸ்தகத்திலே இல்லையின்னா புஸ்தகத்தை மாத்து" என்றார்.

புத்தகத்தைப் பார்த்தேன். தாத்தா சொன்னது அதில் இருந்தது! இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சிறிது நாள் பிடித்தது. கறியுப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்த பொருள். இவற்றுள் குளோரின் பயிருக்கு இன்றியமையாத சத்துகளுள் ஒன்று என்பது 1954-இல் கலிபோர்னியாவில் தக்காளிச் செடியைக் கொண்டு நிறுவப்பட்டது. மற்றப் பயிர்களுக்கு அது மிக நுண்ணிய அளவு போதும், தென்னைக்கோ அப்படியன்று. பேரூட்டங்களுக்கு நிகராக அது குளோரைடை எடுக்கிறது; நல்ல மரத்தில் உலர்ந்த ஓலையின் எடையில் நூற்றில் அரைப் பங்களவுக்கு அது காணப்படும். ஓலையின் நுண்துளைகள் திறந்து மூடுவதற்குச் சாம்பல் சத்துடன் துணைபோவது இந்தக் குளோரைடே. கேரளத்தில் செம்புறை மண்ணில் கன்று வைக்குமுன் குழிக்கு 2 கிலோ உப்பிட்டுச் சில மாதம் ஆறவிடும்படி ஆராய்ச்சி நிலையமே பரிந்துரைக்கிறது. இறுகிய மண்ணை அது நெகிழச் செய்யும் என்பது அங்கே சொல்லும் காரணம். ஆகவே நம் முன்னோர் வழக்கம் மூடத்தனம் அன்று. கடலினின்று தொலைவில், மழையில் கழுவப்பட்ட மண்ணுக்கு அது மருந்து.

ஆனால் சிப்பிகாட்டு ஓடையோரம் கடலுக்குத் தொலைவா? தாத்தாவின் சொல் சரி. சொன்ன இடம் தவறு.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் குளோரைடு 19 கிராம். சோடியம் ஏறக்குறைய 11 கிராம். மண்ணின் உப்பை மின்கடத்துதிறன் கொண்டு அளக்கும்போது 4 டெசிசீமன் என்ற அளவைத் தாண்டினால் அதை உவர்நிலம் என்கிறார்கள். கடல்நீரின் அளவோ 50-ஐ ஒட்டியது. உப்பு மிகுந்த மண்ணில் நீர் இருந்தும் வேர் அதை உறிஞ்ச மாட்டாது. நீருக்கு நடுவில் தாகம்! சோடியமோ சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் ஒதுக்கிவிட்டு அவற்றின் இடத்தில் அமர்ந்துகொள்கிறது. களிமண்ணின் கட்டைக் குலைத்து, துளைகளை அடைத்து, காய்ந்தபோது கல்லாகவும் நனைந்தபோது குழம்பாகவும் ஆக்கிவிடுகிறது.

நம் மொழியில் இவ்விரண்டு நோய்களுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன என்பதை எண்ணி மகிழ்கிறேன். உப்பு மிகுந்தது உவர். சோடியம் களியைப் பற்றிக்கொண்டு இறுகியது களர். முன்னதை நல்ல நீரால் கழுவினால் போதும். பின்னதைக் கழுவினாலும் நீர் இறங்காது. ஜிப்சம் போன்ற சுண்ணாம்புப் பொருளிட்டுச் சோடியத்தைப் பெயர்த்த பின்னரே கழுவ வேண்டும். கல்லாதவரைப் பயன்படாத களருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அவர் காலத்துக் களரைத் திருத்த வழியிருந்ததோ இல்லையோ, இன்று உண்டு. எனினும் உவரைக் களர் என்றும், களரை உவர் என்றும் மாற்றிச் சொல்லி மருந்து கொடுப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

இளங்கன்றின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் எங்களை ஏமாற்றியது அதுதான்.

தேங்காய் முளைக்கும்போது உள்ளே பஞ்சு போன்ற ஓர் உருண்டை வளர்கிறதே, தேங்காய்ப்பூ என்று தெருவில் விற்கிறார்களே, அது கன்றின் தாய்மடி. பருப்பிலும் இளநீரிலும் உள்ள சத்தை அது உறிஞ்சிக் கன்றுக்குக் கொடுக்கிறது. ஓராண்டு அளவும் கன்று பெரும்பாலும் தாய்வீட்டுச் சீதனத்தில்தான் வாழ்கிறது. மண்ணை முழுதும் நம்பி வாழவில்லை. ஆகவே எந்த மண்ணில் வைத்தாலும் முதல் ஆண்டு பச்சென்று நிற்கும். எங்கள் கன்றுகளும் நின்றன. "பார்த்தியா, உப்புப் போட்டதாலே எப்படி நிக்குது!" என்றார் தாத்தா. நானும் நம்பினேன். சீதனம் தீர்ந்தது. இரண்டாம் கோடையில் ஓலை நுனிகள் பழுப்பேறின. ஓரங்கள் கருகின. மூன்று கன்றுகள் போயின.

இங்கேதான் என் குற்றம் தொடங்குகிறது. அப்போது நான் வேதியியலில் முதலாண்டு மாணவன். போரான் குறைந்தால் தென்னங்கன்று கெடும் என்று எங்கோ படித்திருந்தேன். பயிருக்குப் போரான் வேண்டும் என்பதை 1923-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் கேதரின் வாரிங்டன் என்ற அம்மையார் அவரைச் செடியைக் கொண்டு நிறுவினார் என்பது வரையில் மனப்பாடம்! கன்றுக்கு 50 கிராம் வெண்காரம் என்ற கணக்கும் தெரியும். தலைநகர்க் கடையொன்றில் வெண்காரம் கேட்டேன். "அது எதுக்குத் தம்பி? இதிலே எல்லாம் இருக்கு" என்று கடைக்காரர் ஒரு நுண்ணூட்டக் கலவை மூட்டையையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, செம்பு, போரான் என்று ஐந்தும் அதில் அடக்கமாம். பணம் தாத்தாவுடையது. இரண்டையும் இட்டேன். இருந்த ஒன்பது கன்றுகளில் ஐந்து அந்தக் கோடையைத் தாண்டவில்லை.

அவை என்னால்தான் செத்தன என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, உப்பே கொன்றிருக்கலாம். ஆனால் என் மருந்து உதவவில்லை என்பது உறுதி, கெடுத்திருக்கவும் கூடும். ஏன் என்று பின்னர் கணக்குப் பார்த்தேன். கடல்நீரிலேயே லிட்டருக்கு நாலரை மில்லிகிராம் போரான் இருக்கிறது. பாசன நீரில் 1 மில்லிகிராமைத் தாண்டினாலே தாங்காத பயிர்கள் உண்டு. குறைக்கும் மிகைக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகிய சத்து போரான். ஓதநீர் நனைக்கும் மண்ணில் போரானை மேலும் கொட்டிய என்னைப் போன்ற அறிவாளியை எந்தக் கண்காட்சியில் வைக்கலாம்?

நோயைப் படிக்கத் தெரிந்திருந்தால் இது நேர்ந்திராது. போரான் செடிக்குள் எளிதில் இடம் மாறாத சத்து. ஆதலால் அதன் குறை புதுக் குருத்தில் தெரியும். ஓலை விரியாமல் ஒட்டிக்கொள்ளும். நுனி கொக்கிபோல் வளையும். குருத்தே குறுகி நெரியும். இரும்பும் அவ்வாறே: குறைந்தால் இளம் ஓலை வெளிறும். சாம்பல் சத்தும் மெக்னீசியமும் இடம் மாறுபவை. குறைந்தால் முதிய ஓலையிலிருந்து குருத்துக்குப் போய்விடும். ஆகவே முதிய ஓலை முதலில் மஞ்சளிக்கும். உப்பின் தீங்கும் போரான் மிகையும் முதிய ஓலைகளின் நுனியிலும் ஓரத்திலும் கருகலாகத் தோன்றும். எங்கள் கன்றுகளில் குருத்து நன்றாகவே இருந்தது. கருகியது முதிய ஓலை. கண்ணுக்கு எதிரே எழுதியிருந்ததை நான் தலைகீழாகப் படித்தேன்.

நுண்ணூட்ட உரத்துக்கு நான் பகைவன் அல்லன். பொள்ளாச்சிப் பக்கத்தில், ஆழியாறு நகர் ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றியுள்ள தோப்புகளில் கேட்டால் வேர்வழி கொடுக்கும் தென்னை டானிக்கின் அருமையைச் சொல்வார்கள். குரும்பை உதிர்வது குறைகிறது என்பார்கள். அங்கே நிலத்தில் சில சத்துகள் குறைவு. கொடுத்தால் மரம் நன்றி காட்டுகிறது. அந்தமானின் மலைச்சரிவுகளிலும் அதற்கு வேலை உண்டு. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை கொட்டும் நாடு இது. புளித்த மண்ணில் போரான் மின்னேற்றமற்ற அமிலமாக மழைநீரோடு கரைந்து இறங்கிவிடும். இதனால் ஒரு வேடிக்கை நேர்கிறது. ஒரே வீட்டுக்காரரின் சரிவு நிலத்தில் போரான் பஞ்சம். ஐம்பது கெசம் கீழே ஓடையோரத்தில் போரான் மிகை. இரண்டுக்கும் ஒரே மூட்டையைக் கொடுப்பது என்ன வைத்தியம்?

நிக்கோபாருக்குப் போனால் கதை இன்னும் வேறு. கார் நிக்கோபார் பவளப் பாறையால் ஆன தட்டைத் தீவு. அங்கே கூட்டுக் குடும்பங்களின் சொத்தும் உணவும் பெருமையும் தென்னையே. பவளச் சுண்ணாம்பு மிகுந்த மணலில் இரும்பும் மாங்கனீசும் துத்தநாகமும் இருந்தாலும் கரையாமல் கட்டிக்கிடக்கும். இளம் ஓலை வெளிறும். பசிபிக் பவளத்தீவுகளில் இந்த நோய் பெயர் பெற்றது. நடுகுழியில் துருப்பிடித்த தகர டப்பாக்களைப் புதைக்கும் பழக்கமே அங்குச் சில தீவுகளில் உண்டு. அத்தகைய மண்ணில் அன்னபேதி உப்பை மண்மேல் தூவினால் சில நாளில் அது துருவாகிப் பயனற்றுப் போகும். ஓலைமேல் தெளிக்க வேண்டும், அல்லது சுண்ணாம்பு பற்றாதவாறு பிணைத்துச் செய்த இரும்பாகக் கொடுக்க வேண்டும். நேர்மாறாக, சிப்பிகாட்டு நீர் தேங்கும் களிமண்ணில் காற்றின்றி இரும்பு தானே கரைந்து மிகும். அங்கே இரும்பு உரம் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. அந்தக் கொல்லன் தெருவில் ஊசி வாங்கியவனும் நானே.

மூட்டை கெட்டதன்று. மூட்டையை முதலில் வைப்பதுதான் கெட்டது. உப்பு மண்ணில் முதல் உரம் வடிகால்.

2004-இல் நாகப்பட்டினத்து வயல்களிலும் கடல் புகுந்தது. அங்கே உழவர்கள் மேலே படிந்த சேற்றை வாரினார்கள், ஜிப்சம் இட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள், மழைநீரைத் தேக்கி வடித்தார்கள். ஓரிரு பருவங்களில் பல இடங்களில் நெல் திரும்பியது. இந்த வெற்றியைச் சொல்லி, "அந்தமானிலும் அப்படியே செய்யலாமே" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நாகையில் கடல் வந்து திரும்பிவிட்டது. இங்கே நிலம் இறங்கியதால் கடல் குடியிருக்கிறது. ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓடைவழியே வந்து நலம் விசாரிக்கிறது. அதற்குக் கதவு போடாமல் ஜிப்சத்தைக் கொட்டினால், சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்த ஜிப்சத்தைக் கடலுக்கே திருப்பி அனுப்பியவர்களாவோம். கரை வேண்டும், ஓதம் ஏறும்போது தானே மூடிக்கொண்டு, வற்றும்போது உள்நீரை வெளியே விடும் மதகு வேண்டும். இது தனியொரு முதியவரால் ஆகிற காரியமன்று. ஓடையோரத்து இருபது வீடும் கூடிக் கேட்க வேண்டிய காரியம்.

தனியொருவர் செய்யக்கூடியதும் உண்டு. 1978-இல் தொடங்கப்பட்டு இன்று மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் எனப்படும் நிறுவனம், தாழ்நிலத்துக்கு அகன்ற மேட்டுப்பாத்தி முறையைக் காட்டியிருக்கிறது. வாய்க்காலைத் தோண்டி அந்த மண்ணை இருபுறமும் மேடாக்குவது. மேட்டின் உப்பை மழை கழுவி வாய்க்காலில் இறக்கும், வாய்க்காலில் சேரும் மழைநீர் கோடைக்கு உதவும், மீனும் வளரும். தென்னைக்கு மூன்றடிக் குழி என்ற நம் ஊர் விதியை இங்கே மறக்க வேண்டும். தாழ்நிலத்தில் குழி என்பது உப்புநீர் கூடும் தொட்டி. கன்று மேட்டில் நிற்க வேண்டும். அடியில் உரிமட்டையை அடுக்கிப் பரப்பினால் ஈரம் காக்கும். மட்டையிலுள்ள சாம்பல் சத்தும் சோடியத்துக்கு எதிரியாய் நிற்கும். மழை நின்று சனவரி முதல் ஏப்பிரல் வரை வெயில் காயும்போது அடியிலுள்ள உப்பு நீரோடு மேலேறும்; அதைத் தடுப்பதும் இந்த மூடாக்குதான். இதற்குக் காசு வேண்டாம்; முதுகு வேண்டும்.

பாக்குக்கு இவ்வளவும் செய்தும் ஓடையோரம் ஆகாது. பாக்கு உப்பையும் தேங்குநீரையும் தாங்காத மரம். அது சரிவிலேயே இருக்கட்டும். முந்திரியும் அப்படியே வடிகால் கேட்கும். தேங்காயைக் கொட்டை வகையில் சேர்ப்பதே பிழை, அது உள்ளோட்டுச் சதைக்கனி என்று தாவரவியல் நண்பர் ஒருவர் சண்டைக்கு வருவார். அவருக்கு வேறொரு நாள் பதில்.

மண்சோதனை செய்தாயா என்று கேட்பீர்கள். என் முட்டாள்தனத்துக்குப் பிறகு வீட்டை அலசியபோது ஒரு தாள் கிடைத்தது. எங்கள் நிலத்து மண்ணைச் சோதித்த தாள்! கன்று வைக்கும் முன்னரே வந்தது. ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது, தாத்தா அதை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர்; நாளேட்டை ஓர் எழுத்து விடாமல் படிப்பவர். அவர் படிக்கக்கூடிய மொழியில் நான்கு வரி இருந்திருந்தால் எங்கள் குழியில் அந்த உப்பு விழுந்திராது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் அமில காரநிலை, மின்கடத்துதிறன், போரான், துத்தநாகம் உட்படப் பன்னிரண்டு கூறுகள் அளக்கப்படுகின்றன. நல்ல திட்டம். ஆனால் 'ஈ.சி.' என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து ஒரு முதியவர் என்ன செய்வார்? "இந்த மண்ணில் உப்பு மிகுதி, மேட்டில் நடுக" என்று எழுதத் தமிழில் சொல் இல்லையா? இரண்டாயிரம் ஆண்டுப் பழைய மொழி என்று முழங்குகிறோம்; உர மூட்டையின் மீதும் சோதனைத் தாளின் மீதும் ஏறாத பழைமையால் உழவருக்கு என்ன பயன்?

அந்தத் தாளில் இன்னொரு குறையும் இருந்தது. மண் எடுத்த மாதம் நவம்பர். ஏழெட்டு மாத மழை கழுவிய பின் எடுத்த மண்! அதில் உப்பு 3 டெசிசீமனுக்கும் குறைவு. கார்த்திகையில் கேட்டால் நிலம் இனிப்பாகப் பேசும். பங்குனியில் கேட்டால்தான் உண்மை சொல்லும். கோடைக் கடைசியில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, மேல்மண் தனியாக, இரண்டடி ஆழத்து மண் தனியாக, நான்கு பொட்டலம் எடுக்க வேண்டும். நான்கையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் நான்கும் பொய்யாகும். சென்ற ஏப்பிரலில் நானே எடுத்துச் சோதித்தேன். மேல்மண் 9.

நம் சங்கத்துக்கு ஒன்று சொல்வேன். ஆண்டுவிழாவுக்குத் தோரணம் கட்டும் பணத்தில் பத்திலொன்று போதும், ஒரு மின்கடத்துதிறன் கருவி வாங்கலாம், சட்டைப்பையில் அடங்கும். விடுமுறைக்கு ஊர் போகும் வேளாண் மாணவரும் வேதியியல் மாணவரும் ஆளுக்கு ஐந்து தோட்டத்தின் மண்ணை அளந்து, உழவருக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வேப்பங்குளம்-3 என்ற தென்னை, அந்தமான் ஆர்டினரி என்ற வகையிலிருந்து தேர்ந்தெடுத்தது. 2018-இல் கஜா புயல் சாய்த்த பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளில் இன்று மறுபடி கன்று வைப்பவர்களுக்கும் அந்தமான் ஓடையோரத்தில் கன்று வைப்பவர்களுக்கும் உறவு இவ்வளவு நெருக்கம். கருவி வாங்குவது வீண்செலவு என்று சொல்லும் நண்பர் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லட்டும். நான் பதில் சொல்கிறேன்.

பன்னிரண்டில் நான்கு கன்றுகள் மிஞ்சியிருக்கின்றன. சென்ற விடுமுறையில் தாத்தாவும் நானும் அவற்றைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, ஓடைப்பக்கம் வரப்பை உயர்த்தினோம். புதிதாக ஆறு கன்றுகள் இடுப்பளவு மேட்டில் வைத்தோம். அவருக்கு வயது எழுபத்தெட்டு; அந்த ஆறும் காய்க்க இன்னும் ஆறேழு ஆண்டு ஆகும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இந்தத் தடவை உப்பு வேண்டாங்கறே?" என்றார். "வேண்டாம் தாத்தா, கடல் கொடுத்தது போதும்" என்றேன். மீதி நுண்ணூட்ட மூட்டை இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. பங்குனி மண்ணை அளந்த பிறகு, மேட்டுச் சரிவிலுள்ள பாக்கு மரங்களுக்கு அது ஆகுமா என்று பார்க்க வேண்டும்.